அப்பாவுக்கு நான் கொடுத்த மருந்து

மக்கா,

இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை எண்ணினேன். நீ எடுப்பதில்லை. வாட்ஸப்பில் எழுதினால் பார்த்த அடையாளம் விழுகிறது, பதில் வருவதில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக இப்படியே ஆகிவிட்டது, இரண்டு பேருக்கும் பழகியும் போய்விட்டது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் கம்பெனியில் வேலை செய்யும் குளத்தூர்க்காரர் லீவு முடிந்து அடுத்த வாரம் ஷார்ஜாவுக்குத் திரும்புகிறாராம். பலாக்காய் வற்றலோடு இதையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். வற்றலைத் தின்றுவிட்டு இதை அலமாரியில் போட்டுவிடாதே. உட்கார்ந்து வாசி. நீளமாக இருக்கும். அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாத சிலதும் இதில் உண்டு.

நீ மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது ‘என் அம்மா’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். ‘என் அம்மா ஆஸ்பத்திரியில் கம்பிக்குப் பின்னால் இருப்பாள். மருந்து எடுத்துக் கொடுப்பாள்’ என்று எழுதிவைத்தாய். அப்பா அதை வாசித்துவிட்டு, ஜெயிலில் இருக்கிற ஆளைப் பற்றி எழுதின மாதிரி இருக்கிறது என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கு மேல் என் வேலையைப் பற்றி நீ கேட்டதில்லை, நான் சொன்னதும் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரைத் தெரியும், சிஸ்டரைத் தெரியும். கம்பிக்குப் பின்னால் இருக்கிறவள் சீட்டைப் பார்த்து அட்டையைக் கிழித்துக் கொடுப்பாள், அவ்வளவுதான் என்று ஊரே நினைக்கிறது. நீ மட்டும் வேறுமாதிரி நினைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனாலும் அப்பா விஷயத்தை நான் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்த வேலையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு சீட்டு கைக்கு வந்தால் நான் முதலில் மருந்தின் பெயரைப் பார்ப்பதில்லை. ஆளைப் பார்ப்பேன். வயது என்ன, வேறு என்ன மாத்திரை தின்னுகிறார், மூத்திரத்தில் தடங்கல் உண்டா, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாளா என்று கேட்பேன். ரத்தம் உறையாமல் இருப்பதற்கு மாத்திரை தின்னும் ஒருவர் மூட்டுவலிக்குச் சீட்டோடு வந்தால், அந்த இரண்டும் சேரக்கூடாது என்று டாக்டரை விளித்துச் சொல்வேன். அவர் மாற்றித் தருவார். வெளியே அத்தனை பேர் காத்திருக்க ஓடி ஓடிப் பார்க்கிறவர் அவர். ஒரு சீட்டை நின்று பார்க்கும் வசதி எனக்கு உண்டு. அதற்காகத்தான் எங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். குழந்தைகளின் பொடி மருந்தில் கொதித்து ஆறின வெள்ளத்தை எதுவரை விட வேண்டும் என்று குப்பியில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். இன்சுலினைக் குளிர் விடாமல் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் ரப்பர் தோட்டப் பக்கமிருந்து பாம்புக்கடி வரும், அதற்குரிய மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கிறதா என்று வார்டைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மலையாளத்தில் எழுதின கவரைத் தமிழில் சொல்லிக் கொடுக்க வேண்டும். கண் தெரியாத ஒரு கிழவர் வருவார். அவருக்குக் காலை மாத்திரைக் கவரின் மூலையை மட்டும் கிழித்துக் கொடுப்பேன். தடவிப் பார்த்து, ‘கீறினது காலம்பற, கீறாதது ராத்திரி’ என்று சொல்லிக்கொண்டே போவார்.

இவற்றோடு ஒரு அலமாரி உண்டு. இரட்டைப் பூட்டு போட்டது. மார்ஃபின் அதில்தான் இருக்கும். கேன்சர் முற்றினவர்களுக்கு வேதனை தாங்காதபோது டாக்டர் எழுதுவார். அதை வாங்க நோயாளி வருவதில்லை, வர முடியாது. மகனோ, மருமகளோ, பெண்டாட்டியோ வந்து நிற்பார்கள். குறைந்த அளவில் தொடங்க வேண்டும், மணி தவறாமல் கொடுக்க வேண்டும், வேதனை வந்த பிறகு கொடுப்பதல்ல, வரும் முன்னே கொடுப்பது, மலம் கட்டிவிடும், அதனால் வயிறு இளகுவதற்கான மாத்திரையைக் கூடவே கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். பாதிப்பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேட்க வந்ததைக் கேட்க மாட்டார்கள். இது கொடுத்தால் ஆள் போய்விடுமா என்பதுதான் அவர்களுக்குக் கேட்க வேண்டியது.

மிச்சம் வந்த மாத்திரையைத் திருப்பிக் கொண்டுவந்து தர வேண்டும் என்று விதி. அதனால் யாருடைய வீட்டில் யார் போனார்கள் என்பது எங்கள் கவுண்டருக்குத்தான் சீக்கிரம் தெரியவரும். குளத்தூரிலிருந்து ஒருவர் பெண்டாட்டிக்கு வாங்கிக்கொண்டிருந்தார். வலைக்காரர். ஒரு காலையில் வெள்ளை வேஷ்டி கட்டிக்கொண்டு வந்து, மிச்சத்தைக் கம்பிக்குள் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவர் போகவில்லை. ‘கடைசி வரைக்கும் எங்கிட்ட பேசிச்சு சிஸ்டரே. மீனுக்குப் புளி போட்டியளான்னு கேட்டுட்டாக்கும் போச்சு’ என்றார். என் கூட வேலை பார்க்கும் பிந்து வெளியே போய் அவரை உட்காரவைத்துச் சாயா வாங்கிக் கொடுத்தாள். சாவு மருந்து என்று ஊரில் அதற்குப் பெயர். நாலு வீட்டில் அதைக் கொடுத்தார்கள், நாலு வீட்டிலும் சாவு விழுந்தது என்பார்கள். குடை பிடித்ததால்தான் மழை வந்தது என்பது போலத்தான் அது. ஆனால் பார்க்கிறவர்களுக்குக் குடை மட்டும்தானே தெரிகிறது.

அப்பாவுக்குக் கணையத்தில் நோய் என்று தெரிந்தபோது அவர் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். முதுகு வலிக்கிறது, வேன் சீட்டு சரியில்லை என்று சீட்டை மாற்றினார். பிறகு தலையணை வைத்துக்கொண்டார். திருவனந்தபுரத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது ஆபரேஷனுக்கு நேரம் கடந்துவிட்டிருந்தது. இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது அவர் கிடந்த கிடப்பு. மல்லாந்து கிடந்தால் வேதனை முதுகு வழியாகத் துளைத்துக்கொண்டு வரும். அதனால் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைமேல் தலையணையை வைத்து, அதில் நெற்றியை ஊன்றிக்கொண்டு கண்மூடுவார். சாதாரண வேதனை மாத்திரைகள் ஒன்றும் எடுபடவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர்தான் மார்ஃபின் எழுதினார். அட்டையை வாங்கி வீட்டில் கொண்டுவந்து வைத்த அதே வாரத்தில் நீ லீவில் வந்தாய்.

நீ அந்த அட்டையைப் பார்த்தாய். கையில் எடுத்துப் பெயரை வாசித்தாய், போனில் தேடினாய். ஷார்ஜாவில் உன் அறையில் இருக்கும் ஒருவருடைய அப்பாவுக்கு அந்த மாத்திரையைத் தொடங்கி ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் உனக்கு எடுத்துச் சொல்லப் பார்த்தேன். கவுண்டரில் அத்தனை பேருக்குச் சொல்கிறவள், உன்னிடம் சொல்லும்போது எனக்கு வார்த்தை சரியாக வரவில்லை. வேறே வழி தெரியாதபோது ஆளை மயக்கிக் கிடத்துவதற்குத்தான் ஆஸ்பத்திரிக்காரர்கள் இதைக் கொடுப்பார்கள் என்றாய். அட்டையைக் கொண்டுபோய் வீட்டில் கிடக்கும் உன் பழைய பெட்டியில் வைத்துப் பூட்டினாய். நெடுமங்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியரிடம் போய்க் கஷாயம் வாங்கிவந்தாய். உன்னைக் கோபித்து இதை எழுதவில்லை மக்கா. அப்பா போய்விடக்கூடாது என்கிற ஒரே எண்ணம்தான் உன்னிடம் இருந்தது.

நாம் பேசினதெல்லாம் பக்கத்து அறையில் அப்பாவுக்குக் கேட்டது. நீ கடைக்குப் போன நேரம் என்னைக் கூப்பிட்டார். ‘இஞ்ச கேளு. அவன் போறது வரைக்கும் எனக்கு அது வேண்டாம்’ என்றார். நான் முடியாது என்றேன். டாக்டரிடம் சொல்லி உன்னிடம் பேசவைக்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘அவனுக்க முன்னால வச்சு நான் அதைத் தின்னா, அப்பனைக் குழியில வச்ச மாதிரி ஆக்கும் அவனுக்கு. லீவு தீர்ந்து போவட்டு. சந்தோஷமாப் போவட்டு’ என்றார். என் முப்பது வருஷப் படிப்பும் வேலையும் அந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

நீ இருந்த அத்தனை நாளும் அவர் வேதனையோடுதான் இருந்தார். குளிமுறிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார். வெள்ளம் பக்கெட்டில் விழும் சத்தத்தில் அவருடைய சத்தம் வெளியே கேட்காது. தோளில் கிடக்கும் துண்டு, அந்தத் துவர்த்தின் முனையைக் கடித்துக்கொள்வார். அந்தத் துவர்த்தை நான் துவைக்கும்போது பல்லின் அடையாளம் நூலில் இருக்கும். நீ சமையல்கட்டில் வந்து, ‘அப்பா இப்பம் நல்லா நேரம் எடுத்துக் குளிக்காரு. கஷாயம் பிடிச்சிருக்கு’ என்றாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொழியூர் கடற்கரைக்கு அவரைக் கூட்டிப்போனாயே, அந்தப் படம் இப்போதும் உன் வாட்ஸப்பில் முகப்பில் இருக்கிறது. அப்பா உன் தோளைச் சுற்றிக் கை போட்டிருக்கிறார். விரல்கள் உன் சட்டையில் ஆழமாகப் பதிந்திருக்கின்றன. பாசத்தில் இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்று நீ எல்லாருக்கும் காட்டினாய். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அவருக்கு அந்த நேரம் தனியாக நிற்க முடியவில்லை மக்கா. படத்தை எடுத்தவள் நான். சீக்கிரம் எடு என்று அவர் கண்ணால் சொன்னது உனக்குத் தெரியாது.

உன்னை விமான நிலையத்தில் விட்டபோது, நீ கண்ணாடிக் கதவுக்குள் மறைகிற வரைக்கும் கையை ஆட்டினார். காருக்குள் வந்ததும் பின்சீட்டில் சுருண்டார். நெய்யாற்றின்கரை தாண்டினதும், ‘இனி தா’ என்றார். நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். பழைய அட்டை உன் பெட்டிப் பூட்டுக்குள் இருந்ததால் டாக்டர் பார்த்துப் புதிதாக எழுதினார். நான் அன்று லீவு. அதனால் கம்பிக்கு வெளியே, வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பிந்து என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஆனால் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மணி தவறக்கூடாது சேச்சி, வேதனை வர்றதுக்கு முன்னாலே கொடுக்கணும், வயிறு இளகுறதுக்கான மாத்திரையை விடக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிற அதே சொல்லில், அதே நிதானத்தில். நானும் புதிதாகக் கேட்பவளைப் போலக் கேட்டுக்கொண்டு நின்றேன். அத்தனை வருஷமும் என் முன்னால் நின்றவர்களுக்குக் கம்பிக்கு அந்தப் பக்கம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

கஞ்சி குடிக்கவைத்து முதல் மாத்திரையைக் கொடுத்தேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து கூப்பிட்டார். ஓடிப்போனேன். மேஜையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

‘போச்சு’ என்றார்.

‘என்ன போச்சு?’

‘வேதன. முழுசும் இல்ல. ஆனா போவுது. போறது தெரியுது.’

சொல்லிவிட்டு அழுதார். வேதனையில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அது குறைந்தபோது அழுதார். அன்று கட்டிலில் கால் நீட்டிக் கிடந்து தூங்கினார். இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம் இருந்தது, பிறகு அதுவும் தெளிந்தது. டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். இந்த மாத்திரையில் அப்படித்தான். வேதனைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. கூட்டுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்வேன், நோய் வளர்கிறது, அதனால் மருந்தும் கூடவே நடக்கிறது என்று.

அதற்குப் பிறகு வந்த வாரங்களைப் பற்றித்தான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கிழங்கும் மீன்கறியும் கேட்டுத் தின்றார், கொஞ்சம்தான் என்றாலும் கேட்டுத் தின்றார். பாறசாலைக்கு ஆட்டோவில் போய் முடிவெட்டிக்கொண்டு வந்தார். பிற்பகலில் ஜங்ஷனில் போய் உட்கார்வார். அவருடைய வேனை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். பிள்ளைகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ‘வேன் மாமா’ என்று கத்துவார்கள். சாயங்காலம் ஆனால் முகம் கழுவி, சட்டையை மாற்றி, உன் வீடியோ காலுக்காக உட்கார்ந்துவிடுவார். அம்பூரி இறக்கத்தில் அன்னாசி லோடு டெம்போ சாய்ந்த கதையைச் சொன்னாரே, ஞாபகம் உண்டா? லோடு முதலாளி வருவதற்குள் ஊர்க்காரர்கள் உதவிக்கு வந்து ஆளுக்கு ரெண்டாகத் தூக்கிக்கொண்டு போனதும், கடைசியில் போலீஸ்காரர் கையிலும் ஒன்று இருந்ததும். நீ அங்கே சிரித்த சிரிப்பில் போன் குலுங்கிற்று. அந்தக் கதை மட்டுமல்ல. உன் தாத்தாவைப் பற்றி, தான் முதல்முதலாக வேன் வாங்கினதைப் பற்றி, நீ பிறந்த அன்று மழையில் தான் நனைந்ததைப் பற்றி, சாகப்போகிற மனுஷன் மகனிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் உன்னிடம் சொன்னார். நீ கேட்டுக்கொண்டாய். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய்? மணி பார்த்து, நான் கடிகாரம் போல எண்ணிக்கொண்டிருந்து, நீ விளிக்கும் நேரத்தில் அவருக்கு வேதனை இல்லாதபடி பார்த்துக் கொடுத்த மருந்திலிருந்து வந்தது.

கஷாயம் பலிக்கிறது என்று நீ ஷீபாவிடம் சொன்னாய். மருமகள் அதை என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். அன்றே உன்னிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். ‘சந்தோஷமா இருக்கான். இருந்துட்டுப் போவட்டு, நீ ஒண்ணும் பறையாண்டாம்’ என்றார். அவர் பேச்சைக் கேட்டேன். எனக்கு இன்று வருத்தம் இரண்டு விஷயத்தில். ஒன்று, நீ இருந்த நாட்களில் அவருக்கு அதைக் கொடுக்காமல் இருந்தது. மற்றது, கொடுத்ததை உன்னிடம் சொல்லாமல் விட்டது. கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை என்று இன்று எழுத முடிகிறது. போன வாரம் வரைக்கும் என்னால் இதை எழுதியிருக்க முடியாது. அதற்குக் காரணத்தையும் சொல்கிறேன்.

அப்பாவுக்குக் கண் மஞ்சளாகியது, வயிற்றில் நீர் சேர்ந்தது, கஞ்சி இறங்கவில்லை. நோய் தன் வேலையை முடித்துக்கொண்டிருந்தது. மத்தியானம் ஜன்னல் வழியாக வெயில் கட்டிலில் விழுந்துகொண்டிருந்த நேரம், திரையைப் போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். என்னைத் தெரிந்தது. உன் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான். நீ ஓடிவந்தாய். அடக்கத்துக்குத் துணி எடுக்க அலமாரியைத் திறந்தவன் மாத்திரை அட்டைகளைப் பார்த்துவிட்டாய். முற்றம் நிறைய ஆட்கள். போதகர் நிற்கிறார். சபைக்காரர்கள் நிற்கிறார்கள். அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாய்.

‘அப்பா போனது உங்களுக்க கையினாலயாக்கும்’ என்றாய்.

யாரோ உன்னை அணைத்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பாவைப் பெட்டியில் வைத்திருக்கும்போது, அவர் உனக்காகத் துவர்த்தைக் கடித்த கதையை உன் தலையில் எப்படி இறக்குவேன்? மூன்றாம் நாள் ஜெபம் முடிந்ததும் நீ போய்விட்டாய்.

மிச்சம் இருந்த மாத்திரைகளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிந்து வாங்கிக்கொண்டாள். கதவைத் திறந்து வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். பிறகு நான் வேலைக்குத் திரும்பினேன். திரும்பினேன் என்று பெயர்தான். மார்ஃபின் சீட்டோடு யாராவது வந்தால் என் கை அலமாரிச் சாவிக்குப் போகாது. அட்டையைப் பிடிக்கும்போது முற்றமும் உன் முகமும் வந்துவிடும். படித்தது ஒன்றும் மறக்கவில்லை. இந்த மருந்து இப்படிக் கொடுத்தால் ஆளைக் கொல்லாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் ஒருவேளை அன்று ஒரு மாத்திரை கூடிப்போய்விட்டதோ, நான் சரியாக எண்ணினேனோ என்று மனம் போட்டு அரித்தது. டாக்டரிடமே ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, அப்பாவுக்கு எழுதின அளவு ஒவ்வொன்றையும் நினைவுபடுத்தி, நோய் போன போக்கைச் சொன்னார். நான் கவுண்டரில் சொல்வதைத்தான் எனக்கே சொன்னார். கேட்டேன். இருந்தும் அந்தச் சீட்டு வந்தால் பிந்துவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அவள் லீவு. அன்றுதான் ஷீபா வந்து கம்பிக்கு வெளியே நின்றாள். அவள் அம்மா லில்லிக்கு மார்பில் இருந்த நோய் எலும்புக்கு இறங்கிவிட்டது உனக்குத் தெரியும். டாக்டர் மார்ஃபின் எழுதியிருந்தார். ஷீபா சீட்டை என்னிடம் நீட்டவில்லை. மடித்துக் கையில் வைத்திருந்தாள். அந்த மருந்து வீட்டுக்குள் ஏறக்கூடாது என்று நீ சொல்லியிருப்பதாகச் சொன்னாள். மீறி வாங்கினால் அவளிடமும் பேசமாட்டாய் என்று பயப்படுகிறாள். அம்மா கிடக்கிற கிடப்பைப் பார்க்கவும் அவளால் முடியவில்லை. ‘மாமி, நான் என்ன செய்யணும்?’ என்று கேட்டாள்.

உனக்கும் அவளுக்கும் நடுவில் நான் எதைச் சொன்னாலும் தப்பாகும். என்னிடம் கேட்காதே மக்களே, வேதனை யாருக்கோ அவளிடம் கேட்கலாம் என்றேன். சீட்டை வாங்கினேன். அலமாரியைத் திறந்தேன். எண்ணி எடுத்து, கவரில் போட்டு, மணியை எழுதி, அவளுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். பின்னால் நின்ற ஆள் பொறுமையிழந்து செருமினார். இருந்தும் எதையும் விடாமல் சொல்லி முடித்தேன். மறுநாள் சனிக்கிழமை நானும் வருகிறேன், நான் வந்த பிறகு தொடங்கு என்றேன்.

அம்பூரிக்கு பஸ் ஏறிப் போனேன். லில்லி சம்மந்தியைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. எப்படி இருந்த மனுஷி, ரப்பர் ஷீட்டைத் தனியாகத் தூக்கிக் கயிற்றில் போடுகிறவள். கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். தோளில் கை பட்டால் சத்தம் போடுகிறாள் என்பதால் பல நாளாகத் தலையில் சீப்பே படவில்லை. முடி சடைபிடித்துக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் ஷீபாவை வெளியே போகச் சொன்னாள்.

‘சம்மந்தி, உள்ளதைப் பறையணும். அவருக்குக் கடைசியில எப்பிடி இருந்தது?’ என்று கேட்டாள்.

உனக்கு மேலே எழுதினது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். குழாயைத் திறந்துவிட்டதை, கடற்கரையில் நின்றதை, ‘போச்சு’ என்று சொன்னதை, ஜங்ஷனில் உட்கார்ந்ததை. அது சாவைத் தள்ளிப்போடாது, இழுத்துக்கொண்டும் வராது, இருக்கிற நாளை இருக்கவிடும் என்றேன். முதல்முறையாக ஒருவரிடம் முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

‘அப்பம் எனக்கும் தாருங்க. மருமவன்கிட்ட நான் பறையுதேன்’ என்றாள்.

ஷீபாதான் கொடுத்தாள். மத்தியானம் கழிந்து முகத்தில் சுருக்கம் இளகினது எங்களுக்கே தெரிந்தது. கையை மெதுவாக நகர்த்திப் பார்த்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டுச் சீப்பைக் கொண்டுவரச் சொன்னாள். ஷீபா எண்ணெய் தொட்டு, நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே வந்தாள். லில்லி சத்தம் போடவில்லை. ஒரு இடத்தில் மட்டும் பதுக்கே, மெதுவா என்றாள். ஷீபா அழுதுகொண்டே வாரினாள்.

அந்த நேரம்தான் நீ விளித்தாய். லில்லிக்குப் போனைப் பிடிக்கக் கை வராது, அதனால் சத்தத்தைக் கூட்டி மெத்தைமேல் வைத்தாள் ஷீபா. வேதனை எப்படி இருக்கிறது மாமி என்று கேட்டாய். ஒரு வருஷத்துக்குப் பிறகு உன் குரலைக் கேட்கிறேன். கொஞ்சம் கனத்திருக்கிறது. இப்பம் இல்லை மோனே, தலை வாருகிறார்கள் என்றாள் அவள். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாய். அவள் ஒளிக்கவில்லை.

‘உனக்க அம்மை எடுத்துத் தந்த மருந்தாக்கும். அதைத் தின்னுட்டுதான் உனக்க அப்பன் உங்கிட்டச் சிரிச்சுப் பேசினான் மோனே’ என்றாள்.

லைன் போய்விட்டதோ என்று ஷீபா போனை எடுத்துப் பார்த்தாள். போகவில்லை. உன் பக்கத்தில் ஏதோ வண்டி ஹாரன் அடிக்கும் சத்தம் கேட்டது, நீ மூச்சு விடுவதும் கேட்டது. கடைசியில் மாமி சாப்பிட்டீர்களா என்று கேட்டாய். கொஞ்சம் கஞ்சி குடிச்சேன் என்றாள். சரி என்று வைத்துவிட்டாய். நிறுத்து என்று நீ சொல்லவில்லை. ஷீபா அடுத்த வேளை மாத்திரையை மணி பார்த்துக் கொடுத்தாள்.

நான் அந்த அறையில் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன் மக்கா. உனக்குத் தெரிந்திருக்காது. கூப்பிடட்டுமா என்று ஷீபா என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். மாமிக்காக விளித்தவனை இடையில் புகுந்து பிடித்துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

லில்லிக்கு நாள் அதிகம் இல்லை. டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, எனக்கே தெரியும். அதனால் நீ தினமும் அவளை விளி. அவளுக்கு மருமகனிடம் சொல்ல ஏதாவது இருக்கும், கேட்டுக்கொள். என்னை விளிப்பதை உன் மனம் போல வைத்துக்கொள். வற்புறுத்த மாட்டேன். இனிச் சனிக்கிழமைதோறும் நான் அம்பூரிக்குப் போகிறேன், பிற்பகல் முழுவதும் அங்கேதான் இருப்பேன். நீ மாமியிடமே பேசு. கொஞ்சம் சத்தமாகப் பேசினால் போதும், எனக்குக் கேட்கும்.

உன்
அம்மை